தபால்காரம்மாவின் நிறம்

என் கொழுந்தனுக்கு அச்சகத்தில் வைத்த பேர் பவுடர். அவன் தன் மூஞ்சிக்கு ஒருநாளும் பவுடர் போட்டதில்லை. ஊரார் மூஞ்சிக்கெல்லாம் போட்டுவிடுவான். நாலு வண்ண மெஷின் முன்னால் இருபத்தெட்டு வருஷம் நின்றவன். மை விடுகிற திருகுகளை இப்படிக் கொஞ்சம் அப்படிக் கொஞ்சம் திருப்புவான். கரிக்கட்டை மாதிரி உள்ளே போகிற கல்யாண மாப்பிள்ளை, தோலுரித்த உருளைக்கிழங்கு மாதிரி வெளியே வருவான்.

அதற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் பெண்ணின் படத்தை உள்ளது உள்ளபடி அச்சடித்துவிட்டான். பெண்ணின் அப்பா வந்து பத்திரிகைக் கட்டு மொத்தத்தையும் அவன் மேலேயே எறிந்தார். “என் பொண்ணைக் கரிச்சட்டியில முக்கி எடுத்தியா?” என்று கேட்டார். பெண் கருப்பு. அப்பா அதைவிடக் கருப்பு. அடி வாங்கினவன் ரெண்டு பேரையும்விடக் கருப்பு. அன்றையிலிருந்து மூஞ்சி என்று எதைக் கண்டாலும் அவன் கை தானாகத் திருகுக்குப் போய்விடும்.

நான் அதே அச்சகத்தில் பைண்டிங். தாளை மடிப்பேன், தைப்பேன், ஒட்டுவேன். எனக்கு எழுத்து தெரியாது. பக்க எண் தெரியும், படம் தெரியும், அது போதும்.

ஒருநாள் ஒரு டீச்சரம்மா சிறுவர் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தாள். பெரிய காரியம் செய்தும் அவ்வளவாகப் பேர் வெளியே தெரியாத கருப்பின மனிதர்களின் கதைகள். பக்கத்துக்குப் பக்கம் படம். எனக்குப் படிக்க வராது என்றதும் வாயாலேயே சொன்னாள். அடிமையாகப் பிறந்த ஒருத்தி, அறுபது வயசு வாக்கில், துப்பாக்கியும் கையுமாகக் குதிரை வண்டியில் தபால் கொண்டுபோனாளாம். பனியில் வண்டி போகாவிட்டால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பாளாம். இன்னொருத்திக்கு விமானம் ஓட்ட ஆசை. அவள் நாட்டில் ஒரு பள்ளிக்கூடமும் சேர்த்துக்கொள்ளவில்லை. வேற்று மொழி படித்து, கடல் தாண்டிப் போய்க் கற்றுக்கொண்டாளாம்.

“துப்பாக்கிக்காரியைத்தான் எனக்குப் பிடிச்சிருக்கு. என்கிட்டயும் ஒண்ணு இருந்திருக்கலாம்” என்றேன்.

“யாரைச் சுடறதுக்கும்மா?”

“ஆளுக்கா பஞ்சம்?”

அப்போது கொழுந்தனுக்கு நேரம் சரியில்லை. போன மாசம்தான் ஒரு வேலை மை இழுவிப்போய்த் திரும்பி வந்திருந்தது. முதலாளி அவனைவிடச் சின்னவர். ஆனாலும் கறாராகச் சொல்லிவிட்டார்: “அண்ணே, இன்னொரு தப்பு நடந்துச்சுன்னா மெஷினை என் மாப்பிள்ளைகிட்டக் குடுத்துட்டு நீங்க பார்சல் கட்டப் போயிடுங்க.” அந்த மாப்பிள்ளை ஆறு மாசமாகவே, பெண் பார்க்க வந்தவன் மாதிரி மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். என் கொழுந்தனுக்கோ மெஷினை விட்டால் மூச்சே நின்றுவிடும்.

ஒரு பக்கம் மட்டும் அச்சாகி ஆயிரம் தாளும் என் மேசைக்கு வந்தன. டீச்சரம்மா பார்த்துச் சரி சொன்ன ப்ரூஃபும் பக்கத்திலேயே இருந்தது. ரெண்டையும் பார்த்தேன். கை ஓடவில்லை.

“தம்பி, இங்க வா. யாரு இவ?”

“தபால்காரம்மா.”

“தபால்காரம்மாவா? மஞ்சள் பூசிக் குளிச்சு விருந்துக்குக் கிளம்பினவ மாதிரி இருக்கா. ப்ரூஃபைப் பாரு.”

பார்த்தான்.

“நல்லாத்தானே இருக்கு அண்ணி? லட்சணமா...”

“உன் லட்சணத்தைக் குப்பையில கொட்டு. கருப்பு மனுசங்க கதைன்னு சொல்லிட்டு, ஒரு கருப்பு மூஞ்சியைக் காணோம்.”

“சத்தம் போடாதீங்க அண்ணி. கை பழகிப்போச்சு. முதலாளி காதுல விழுந்தா மெஷின் போச்சு. சின்னப் பசங்க புத்தகம்தானே, யாரு பார்க்கப் போறா?”

“சின்னப் பசங்க பார்ப்பாங்க. உன் பேத்தி பார்ப்பா. அப்படியே உன் கலரு அவ.”

மெஷினுக்குப் போனான். புதுத் தாளைப் பிரித்தான். கருப்பு மையைத் தாராளமாகத் திறந்துவிட்டு நாலு தாள் ஓட்டிக் கொண்டுவந்து காட்டினான்.

“இப்ப?”

“இப்ப வண்டி தெரியுது, குதிரை தெரியுது. ஆளு எங்கடா? கண்ணு மூக்கு எல்லாம் தாரு ஊத்தி மூடிட்டியே!”

மெஷின் ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். “வெளுக்க வைக்கத் தெரியும் அண்ணி. கருப்பை எப்படிக் கொண்டுவரதுன்னு இத்தனை வருசத்துல நான் கத்துக்கவே இல்ல.”

“கத்துக்க. உனக்கென்ன கடல் தாண்டணுமா?”

எழுந்தான். கருப்பைக் குறைத்தான். சிவப்பையும் மஞ்சளையும் ஏற்றினான், நீலத்தைத் தொட்டும் தொடாமலும் விட்டான். ஒவ்வொரு தாளாக வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தான். சாயங்காலம் ஒரு தாளில் அவள் வந்தாள். கன்னம் மினுமினுத்தது, நெற்றியில் சுருக்கம் தெரிந்தது, ‘எவன்டா குறுக்கே வர்றது’ என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை. அப்படியே ஆயிரத்தையும் ஓட்டினான்.

மறுநாள் காலையில் முதலாளி வந்தார். வீணாய்ப்போன ஆயிரம் தாளும் மெஷின் பக்கத்தில் குவிந்து கிடந்தன.

“என்னண்ணே இது மலை?”

மெஷின் மேல் பழியைப் போடு என்று நான் கண்ணைக் காட்டினேன். மடையன், என் பக்கமே திரும்பவில்லை.

“என் தப்புதான் முதலாளி. மூஞ்சியை வெளுத்துட்டேன். திரும்ப அடிச்சிருக்கேன்.”

முதலாளி சொன்ன சொல் மாறவில்லை. கொழுந்தன் பார்சல் கட்டப் போனான். மாப்பிள்ளை மெஷினில் ஏறினான்.

அதே தாள்களின் மறுபக்கம் அச்சாகும்போது டீச்சரம்மா பார்க்க வந்தாள். பத்து தாள்கூட ஆகவில்லை. விமானக்காரியைக் கையில் எடுத்தவள் சிரித்துவிட்டாள்.

“சார், இவங்க இந்தக் கலர்ல இருந்திருந்தா உள்ளூர்லயே சேர்த்திருப்பாங்களே! கடலை எதுக்குத் தாண்டப் போறாங்க?”

மாப்பிள்ளைக்கு வேர்த்தது. கருப்பைத் திறந்தான். அடுத்த தாளில் விமானக்காரியைக் காணோம், அவள் போட்டிருந்த கண்ணாடி மட்டும் தனியாகப் பறந்தது. பின்பக்கத்துத் தபால்காரம்மாவைத் திருப்பிக் காட்டி டீச்சரம்மா கேட்டாள்: “இதை அடிச்சவர் எங்க?”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தாள் மடித்துக்கொண்டிருந்தேன். வேறு வழியில்லாமல் அவரே பார்சல் அறைக்கு நடந்தார்.

“அண்ணே, கொஞ்சம் வாங்க.”

கொழுந்தன் நிமிரவில்லை. வாயில் சணல் கயிறு. “இந்தக் கட்டை முடிச்சிட்டு வரேன்.”

முதலாளி நின்றார்.

“கொஞ்ச நேரத்துக்கா, ஒரேயடியாவா?” என்று கயிற்றைப் பார்த்தே கேட்டான்.

“ஒரேயடியாத்தான், வாங்கண்ணே.”

அப்போதும் அவன் எழவில்லை. ஒன்று போதும் என்கிற இடத்தில் மூன்று முடிச்சுப் போட்டான்.