வெளிக்கிட நேரமில்லாமல் வெளிக்கிட்டது

ஜூலை முதலாம் திகதி மொன்றியலில் பாதி ஊர் வீடு மாறும். இந்த வருடம் எங்கள் மகளும் மாறினாள். நோத்ர-டாம்-த-கிரேஸில் அவள் இருந்தது இரண்டாம் மாடி. வாசலிலிருந்து தெருவரைக்கும் வளைந்து இறங்கும் இரும்புப் படி. அந்தப் படியை வரைந்த மனிதர் வாழ்நாளில் ஒரு சோபாவைத் தூக்கியிருக்க மாட்டார். நான் சோபாவின் கீழ் நுனியோடு நடுப்படியில் மாட்டிக்கொண்டு நிற்க, மேல் நுனியிலிருந்து மருமகன் பிரெஞ்சில் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தான். அட்டைப்பெட்டி வாசமும் வியர்வையுமாக ஒரு காலை.

கீழ் வீட்டுப் பெண்மணி நாயோடு வந்து நின்று, மூவிங்கா என்று என் மனைவி சாந்தாவிடம் கேட்டார். சாந்தா கையிலிருந்த தலையணைப் பொதியைக் கீழே வைக்காமலே, "மை டோட்டர் இஸ் மூவிங். ஐ ஆம் ஒன்லி கேரியிங்" என்றாள்.

சிரித்தால் சோபாவும் மருமகனும் என் தலையில் என்பதால் அடக்கிக்கொண்டேன். மூவ் என்ற சொல்லை சாந்தா எப்போதும் அளந்துதான் பாவிப்பாள். அதற்குக் காரணம் இருக்கிறது.

வந்த புதிதில் நாங்கள் கோத்-தெ-நேஜில் ஒரு கட்டடத்தின் நிலக்கீழ் வீட்டில் இருந்தோம். யன்னலால் பார்த்தால் போகிற வருகிறவர்களின் சப்பாத்துகள் மட்டும் தெரியும். அயலவர்களின் முகத்தை அறியுமுன்பே அவர்களுடைய நடையை அறிந்துவிட்டோம். எனக்கு ஒரு கிரேக்கரின் உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. எலுமிச்சையும் வறுத்த இறைச்சியும் சவர்க்கார ஆவியும் கலந்த அந்த மணம், குளித்தாலும் என் காதுக்குப் பின்னால் இருக்கும் என்பாள் சாந்தா.

முதலாளி நல்ல மனிதர். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதைப் போல நொண்டிதான். வேலை முடிந்து கிளம்பும்போது நான் மரியாதையாக, "ஐ ஆம் கமிங்" என்று சொல்லிவிட்டுப் போவேன். போறன் என்று சொல்லிவிட்டு ஒரு வாசலைத் தாண்ட எங்களுக்கு வாய் வராதல்லவா? வாறன் என்பதைத்தான் அப்படியே பெயர்த்துச் சொன்னேன். ஆனால் அவர் கதவைத் திறந்து பிடித்தபடி, நான் திரும்பி வருவேன் என்று குளிரில் நின்றிருக்கிறார். சில நாட்கள் எனக்கென்று ஒரு கோப்பியும் ஊற்றி வைத்திருக்கிறார். கோப்பி ஆறியதும் அவரே குடித்துவிடுவாராம்.

இதை அறிந்ததும் சாந்தா என்னைத் திருத்தினாள். லீவிங் என்று சொல்லுங்கோ என்றாள். மறுநாள் மாலை, ஏப்ரனைக் கழற்றிக் கொளுவிவிட்டு, "ஐ ஆம் லீவிங்" என்றேன். மனிதரின் முகம் விழுந்துவிட்டது. என்ன குறை வைத்தேன், எந்தக் கடைக்குப் போகப்போகிறாய் என்று கேட்டு என்னைக் கதிரையில் இருத்தி, சாப்பாடு போட்டுவிட்டார். வேலையை விடுகிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டது எனக்குப் புரிவதற்குள் இரண்டாம் தரமும் சோறு வந்துவிட்டது. அது நல்ல சோறு. அவசரப்பட்டு விளக்கவில்லை.

சாந்தாவுக்கு இந்தச் சொற்களெல்லாம் கிடைத்தது ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பின்னேரங்களில் நடந்த இலவச ஆங்கில வகுப்பில். டயான் என்ற இளம் பெண் நடத்தினாள். எங்களைவிட வயதில் குறைந்தவள். பலகையில் எழுதுவதைவிட மேசையில் இரண்டு விரல்களை நடக்க விட்டுத்தான் அதிகம் படிப்பிப்பாளாம். விரல்கள் மெல்லப் போனால் ஒரு சொல், விரைந்தால் ஒரு சொல், தயங்கித் தயங்கிப் போனால் இன்னொன்று. சாந்தா வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் எனக்கு அதையே செய்து காட்டுவாள். எங்கள் சம்பல் கிண்ணத்தைச் சுற்றி ஆங்கிலம் நடந்தது.

ஒருநாள் அவள் டயானிடம், போரில் நாங்கள் ஊரைவிட்டு வந்ததற்கு எந்தச் சொல் என்று கேட்டாளாம். டயான் ஏதோ பகிடி சொல்ல வாயெடுத்தவள், நிறுத்திவிட்டு, உயிர் தப்பி ஓடுவதற்கு ஃப்ளீ என்று எழுதினாளாம். "எங்கடை சொல் கிடைச்சிட்டுது" என்று சொல்லிக்கொண்டுதான் சாந்தா கதவைத் திறந்தாள். நான் உடனே அகராதியைப் புரட்டி, எழுத்தைப் பிழையாகப் பிடித்து, தெள்ளுப்பூச்சி என்று வாசித்தேன். அதற்குப் பிறகு அகராதி அவளுடைய பொறுப்பாயிற்று.

எங்கள் அகதி விசாரணை அந்த மாரியில் வந்தது. சிறிய அறை, நீள மேசை, தண்ணீர்க் குவளைகள். தீர்ப்புச் சொல்லவேண்டிய அம்மையார் ஒருபுறம். நாங்களும் எங்கள் சட்டத்தரணியும் மறுபுறம். நடுவில் மொழிபெயர்ப்பாளர், சென்னையைச் சேர்ந்த பொறியியலாளர், கர்க்லாண்டில் நெடுங்காலமாக இருப்பவர். அவருடைய பெயரை அன்று நாங்கள் அறியவில்லை. பின்னாளில் ராகவன் சேர் என்று எங்கள் வீட்டில் ஒருவராகிவிட்டவர். கேட்டாலொழிய வாய் திறக்கக்கூடாது என்று சட்டத்தரணி எனக்குச் சொல்லி வைத்திருந்தார். முதலில் சாந்தாவைக் கேட்டார்கள்.

ஊரைவிட்டு வந்த அன்று காலையில் என்ன நடந்தது என்று அம்மையார் கேட்டார். ஷெல் விழத் தொடங்கினதும் விடிய வெளிக்கிட்டம் என்றாள் சாந்தா. காலையில் வெளியே போனோம் என்று ஆங்கிலத்தில் போனது அது. வீட்டுக்கு எப்போது திரும்பினீர்கள் என்று அடுத்த கேள்வி. திரும்பவில்லை என்றாள். அம்மையாரின் புருவம் ஏறியது. என்னென்ன சாமான் எடுத்துக்கொண்டு போனீர்கள் என்று கேட்டார். அதற்கு சாந்தா சொன்ன பதிலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"வெளிக்கிடவே நேரமில்லை. முழுகின ஈரத்தலையோடை வெளிக்கிட்டம்."

எங்கள் ஊரில் பிறந்தவருக்கு இதில் ஒரு சிக்கலும் இல்லை. உடுத்துத் தயாராவதும் வெளிக்கிடுவது, புறப்படுவதும் வெளிக்கிடுவது. உடுப்பு மாற்றக்கூட நேரமில்லாமல் புறப்பட்டோம் என்கிறாள். ராகவன் சேர் ஒரு கணம் திகைத்தார். பிறகு கேட்டதைக் கேட்டபடி பெயர்த்தார்: வெளியே போக நேரமில்லை, ஈரத்தலையோடு வெளியே போனோம்.

அம்மையார் பேனாவை மேசையில் வைத்தார். நீங்கள் போனீர்களா, போகவில்லையா என்று கேட்டார். குரலில் கோபமில்லை, அதுதான் பயமாக இருந்தது. சொல்லுக்குச் சொல் முரண் என்றால் எங்கள் கதை முழுவதும் பொய் என்றாகும். பொய் என்றால் திரும்ப அனுப்புவார்கள். சட்டத்தரணி தாள்களைப் புரட்டினார். நான் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு, அடுத்த ஊருக்கு இடம்பெயர்ந்தம் என்றாள் சாந்தா. அது ஆங்கிலத்தில் ஷிஃப்ட் ஆகி, மூவ் ஆகி, அந்த ஊருக்கு மூவ் பண்ண ஏன் தீர்மானித்தீர்கள் என்று எங்களிடம் திரும்பி வந்தது.

சாந்தா அம்மையாரை நேரே பார்த்து ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டாள். தன் முன்னாலிருந்த தண்ணீர்க் குவளையை மேசையில் ஒரு சாண் தள்ளி, இது மூவ் என்றாள். இரண்டு விரல்களை ஆறுதலாக நடத்தி, இது கோ என்றாள். அதன்பின் அந்த விரல்கள் ஓடத் தொடங்கின. தாள்களுக்கு மேலாக, என் கைக்கு மேலாக, மேசை விளிம்புவரை ஓடி, விளிம்புக்கு அப்பால் விழுந்தன.

"மேடம், நாட் மூவ்," என்றாள். "வீ ஃப்ளீ."

இறந்தகாலத்தில் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. அந்த அறையில் யாரும் அதைத் திருத்தவுமில்லை.

ராகவன் சேர்தான் முதலில் அசைந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். சாட்சியிடம் ஒரு சொல்லின் பொருளைக் கேட்க அனுமதி வேண்டும் என்று அம்மையாரிடம் கேட்டார். கிடைத்ததும் சாந்தாவின் பக்கம் திரும்பினார்.

"வெளிக்கிடறதுன்னா உங்க ஊர்ல என்னம்மா அர்த்தம்?"

அவள் இரண்டு அர்த்தத்தையும் சொன்னாள். அவர் ஆங்கிலத்தில், பிழை சாட்சியுடையதல்ல, என்னுடையது என்று தெளிவாகச் சொல்லி, காலையிலிருந்து சொன்ன ஒவ்வொரு பதிலையும் மீண்டும் முதலிலிருந்து பெயர்த்தார். மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. என்னிடம் கேட்பதற்கு அதன்பின் அதிகம் இருக்கவில்லை. இடைவேளைக்குப் பிறகு வந்து, ஏற்றுக்கொள்கிறேன் என்று அம்மையார் சொன்னார். சாந்தா அழவில்லை; எனக்குத்தான் மூக்கு ஒழுகியது.

நடைபாதையில் ராகவன் சேர் வந்து மன்னிப்புக் கேட்டார். நீங்கள் என்ன செய்வியள், உங்கடை ஊரிலை அந்தச் சொல் இல்லைத்தானே என்றாள் சாந்தா. அவர் எங்கள் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்கினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்தார். பேந்து என்றால் எவ்வளவு நேரத்துக்குப் பிறகு? வெள்ளன என்றால் சீக்கிரமா, விடியலா? இந்த அழைப்புகள் வருடக்கணக்காகத் தொடர்ந்தன. நாங்கள் பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கிப் போனபோது சுவர்த் தொலைபேசி எங்கே வரவேண்டும் என்று சாந்தா முதலிலேயே தீர்மானித்தாள். முக்காலியில் இருந்து, சுருள் கம்பியை விரலில் சுற்றியபடி, அவருக்கு விளக்குவாள். பதிலுக்கு அவர் தன் மனைவியின் ரசத்தைப் பற்றிப் புகார் சொல்வார். அவருடைய தமிழில் ஆமா இருந்த இடத்தில் ஓம் வந்து குடியேறியது. சாந்தாவும் சில நேரம் என்னிடம், சீக்கிரம் வாங்க என்பாள். நான் யாரைக் கூப்பிடுகிறாள் என்று திரும்பிப் பார்ப்பேன்.

அந்தக் கிரேக்கரின் கடை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி அடுக்குமாடி. டயானின் கீழ்த்தளத்தில் குழந்தைகள் காப்பகம். எங்கள் ஆட்களின் விசாரணைகள் குறைந்துபோக, ராகவன் சேரும் ஓய்வுபெற்று மகளிடம் சென்னைக்குப் போனார். அங்கிருந்தும் எடுப்பார். கேட்பதற்குச் சொல் எதுவும் மிச்சமில்லாமல் சும்மா கதைப்பார். போன மாரியில் அவருடைய மகள் எடுத்தாள்.

சாந்தா கேட்டு முடித்து, தொலைபேசியை வைத்துவிட்டு முக்காலியிலேயே இருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"இனி என்னட்டை ஆர் சொல்லுக் கேக்கப் போகினம்?" என்றாள்.

பேரப்பிள்ளைக்குத் தமிழில் ஏதாவது தெரியவேண்டுமென்றால் அவன் தன் கைபேசியிடம் கேட்கிறான். அதுவும் உடனே, சரியாகத்தான் சொல்கிறது.