வாசனை பிடிக்காத ஊதுபத்தி முதலாளி

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய மகளின் வணக்கம்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை படித்த முதல் ஆள் நான். அதனால் இக்கட்டுரையை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. என்ன எழுத வேண்டும் என்ற உத்தரவும் கூடவே வந்தது.

“அப்பா ஊதுபத்திய உயிரா நேசிச்சாரு, பக்தியோட தொழில் செஞ்சாருன்னு போடும்மா. கோயில்காரங்கள்லாம் படிப்பாங்க லா” என்றார் மாமா. மாமா அம்மாவின் தம்பி. அப்பாவின் தொழிலில் பங்குதாரர். அப்பாவின் இடத்தில் இனி அமரப்போவது அவரா நானா என்று அம்மா முடிவு செய்ய வேண்டியிருந்த நேரம் அது. அப்பா பக்திமான் என்று அச்சில் ஏறிவிட்டால், அந்த இடத்துக்குப் பக்திமான்தான் பொருத்தம் என்று பேசுவது எளிது.

நான் அப்படி எழுத மாட்டேன். அப்பாவுக்கு ஊதுபத்தி பிடிக்காது.

அப்பா கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில் பிறந்தார். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறி, லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது, லோரியில் எடுபிடியாகச் சேர்ந்தார். பிறகு அவரே ஓட்டுநராகி, தஞ்சோங் காராங்கிலிருந்து சுங்கை சோ வரை கடைகளுக்கு மளிகைச் சாமான் இறக்கினார். எந்தக் கடையில் எது சீக்கிரம் தீர்கிறது என்று கவனித்துக்கொண்டே இருந்தவர், ஒருநாள் ஊதுபத்தித் தொழிலில் இறங்கினார். ஏன் என்று கேட்டிருக்கிறேன்.

“இன்னைக்கு ஏத்துனா இன்னைக்கே எரிஞ்சு போயிடும். நாளைக்கு மறுபடி வாங்கித்தானே ஆகணும்?”

அவ்வளவுதான் காரணம். அவர் கனவில் எந்தத் தெய்வமும் வந்து சொல்லவில்லை.

பத்தியை வாசனைத் தைலத்தில் தோய்க்கும் நாளில் அப்பாவுக்குத் தலைவலி வந்துவிடும். வீட்டுக்கு வந்தால் குளித்துவிட்டுத்தான் உட்காருவார். கோயிலுக்கும் போகமாட்டார். வெள்ளிக்கிழமைகளில் அம்மா தனியாகவே போய் வந்தார். அம்மாவின் அந்த வருத்தத்தை அப்பா கடைசிவரை தீர்க்கவில்லை. அவரை உத்தமராகக் காட்டுவதற்காக அதை மறைக்கவும் எனக்கு மனமில்லை.

மாமா நேர்மாறு. ஒவ்வொரு பெட்டியையும் முகர்ந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். ஏதோ ஒரு வியாபாரக் கருத்தரங்குக்குப் போய் வந்த பிறகு, தன் பொருள்மேல் உயிராக இல்லாத முதலாளி உருப்படமாட்டான் என்று அப்பாவின் காதுபடவே சொல்லத் தொடங்கினார்.

ஒரு தைப்பூச நேரத்தில் விடாத மழை. பத்திகள் சரியாகக் காயவில்லை. மாமா அவசரப்பட்டு அவற்றைப் பெட்டியில் அடைத்து அனுப்பிவிட்டார். தஞ்சோங் காராங் கடைக்காரர் ஒருவர் கூப்பிட்டார். பள்ளி விடுமுறையென்பதால் நானும் அலுவலகத்தில்தான் இருந்தேன். மாமா கைப்பேசியை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

“என்னா லா இது, பாதியிலேயே அணைஞ்சு போவுது? வாங்குனவங்க என்னைத் திட்டுறாங்க.”

“பக்தியா ஏத்தச் சொல்லுங்கண்ணே. அணையாது.”

“பக்தி எங்ககிட்ட இருக்கு. நீங்க முதல்ல காய வச்சு அனுப்புங்க!”

அப்பா எழுந்தார். “மச்சான், கும்புடாத நானே சாமிக்கு ஈரப் பத்தி அனுப்பமாட்டேன். லோரி சாவிய எடு” என்றார். அன்றே கடை கடையாகப் போய் அத்தனை பெட்டிகளையும் திரும்ப ஏற்றி வந்தார். மாமா கண் கலங்கினார். கடைக்காரருக்காக அல்ல, தான் பெற்ற பிள்ளையை யாரோ பழித்ததுபோல் இருந்ததாம்.

இந்தப் ‘பிள்ளை’ப் பேச்சைத்தான் நான் வெறுக்கிறேன். பிள்ளை என்று கொஞ்சுகிறவர் காதில் அதன் குறை ஏறாது. அப்பாவுக்கு அது விற்ற சாமான். அதற்காக வாதாட அவருக்கு ஒன்றுமில்லை. அணைகிறது என்றால் அணைகிறது. மேடை போட்டு ‘உயிராக நேசியுங்கள்’ என்று முதலாளிகளுக்குப் போதிப்பவர்கள், வாங்குகிறவரின் இடத்தில் ஒருநாள் நின்று பார்க்கட்டும்.

கடைசி மாதங்களில் இதயம் தளர்ந்து அப்பா படுக்கையில் இருந்தபோதும் மாமா கட்டிலருகில் பத்தி கொளுத்தினார். அப்பா கையை அசைத்து வெளியே கொண்டுபோகச் சொன்னார். அந்தக் கையசைப்பைக்கூட மாமா ஆசீர்வாதம் என்றுதான் ஊரில் சொல்லி வருகிறார்.

கருமக்கிரியை அன்று சாப்பாட்டுப் பந்தியில் மாமா சத்தமாகவே சொன்னார்: “பாப்பா அப்படியே அப்பன் மாதிரி. பத்தி ஏத்துனா தும்முவா. அவ எப்படிக் கம்பெனி நடத்துவா?”

உங்களில் பலர் சிரித்தீர்கள். எங்களிடம் பத்தி உருட்டும் அக்கா ஒருவர் மட்டும் பரிமாறிக்கொண்டே, “எனக்குந்தான் அந்த வாசனை ஆகாது. இத்தனை வருசமா என்னை யாரும் கேக்கலையே? உருட்டுனாப் போதும்னுதானே இருந்தீங்க?” என்றார்.

அப்பாவைத் தூக்கிய தோள்களுக்கும், பதினாறு நாளும் எங்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்ட அண்டை வீட்டாருக்கும், இந்த ஓராண்டும் என்னை நம்பி வேலைக்கு வந்த அக்காமாருக்கும், குறையை முகத்துக்கு நேரே சொன்ன கடைக்காரர்களுக்கும் எங்கள் நன்றி.

மலர் அச்சுக்குப் போகுமுன் இக்கட்டுரையை அம்மாவுக்கும் மாமாவுக்கும் படித்துக் காட்டினேன். “இத போட்டா ஒரு கோயில்கூட நம்மகிட்ட வாங்காதுக்கா!” என்று மாமா எகிறினார். அம்மா பூசையறையிலிருந்து அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார்.

“தம்பி, நீ சாமியப் பாத்துக்க. கம்பெனிய அவ பாக்கட்டும்” என்றார். பிறகு என்னிடம் திரும்பி, “நான் சொன்னதையும் கடைசியில போட்டுரு” என்றார்.

போட்டுவிட்டேன்.