சிவப்பு ஸ்டிக்கர், மஞ்சள் ஸ்டிக்கர்

1. புதன்கிழமை பிரியாணி

புக்கிட் தெங்காவில் நான் வேலை பார்த்த பிளாஸ்டிக் தொழிற்சாலையில் ஒரு புதன்கிழமை மத்தியானம் எல்லோருக்கும் இலவசமாகக் கோழி பிரியாணி போட்டார்கள். அன்றைக்குத் தீபாவளியும் இல்லை, பெருநாளும் இல்லை. ஆர்டர் குறைந்து, ஓவர்டைம் நின்று, இரவு ஷிப்டையும் மூடியிருந்த நேரம். பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஆட்களைக் குறைக்கிறார்கள் என்று வேறு செய்தி வந்துகொண்டிருந்தது. இந்த நேரத்தில் பிரியாணியா? சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

என் பெயர் புஷ்பா. மோல்டிங் பிரிவில் சீனியர் ஆபரேட்டர். உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சில் செலுத்திப் பொருளாக்கும் பிரிவு அது. ஒரு மெஷினுக்கு ஒரு ஆள். எதையும் சட்டென்று நம்புகிற ஆள் நான் இல்லை. பால் பாக்கெட்டைப் பிரித்தால் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவேன். கட்டின தாலியையே கடித்துப் பார்த்தவள் என்று என் வீட்டுக்காரர் சந்திரன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சமயம் அவரும் சிரிக்கும் நிலையில் இல்லை. ஜார்ஜ்டவுனில் அவர் வேன் ஓட்டிய ஹோட்டல் அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. ஜெலுத்தோங் வீட்டு வாடகை, இரண்டு பிள்ளைகளின் படிப்பு, எல்லாம் என் ஒரு சம்பளத்தில்தான். அதுவும் போனால் அடுப்பு எரியாது.

பிரியாணியை முகர்ந்து பார்த்தேன். வாசனை நன்றாகத்தான் இருந்தது. எனக்கு அதுவே பிடிக்கவில்லை.

2. இரண்டு பேர் வந்தார்கள்

அடுத்த வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். எங்கள் யாரிடமும் பேசவில்லை. ஒவ்வொரு மெஷினாகப் பார்த்து, கண்ட்ரோல் பேனலுக்கு மேலே வட்டமாக ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனார்கள். சிலவற்றுக்குச் சிவப்பு, சிலவற்றுக்கு மஞ்சள். என் மெஷினுக்குச் சிவப்பு. பக்கத்து மெஷினுக்கு மஞ்சள். அது லெட்சுமி ஓட்டுவது.

சிவப்பு போகும், மஞ்சள் இருக்கும். மெஷின் போனால் ஆளும் போகும். இதை யார் சொன்னார்கள் என்றால், யாருமே சொல்லவில்லை. கேண்டீனில் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். மேலே போய்க் கேட்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்கப் போனால், கேட்டவள் யார் என்று பெயரைக் குறித்துக்கொள்வார்களோ என்ற பயம்.

லெட்சுமியும் நானும் பல வருஷமாக ஒரே தொழிற்சாலை பஸ்ஸில், ஒரே சீட்டில், தீவிலிருந்து கடல் பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகிறவர்கள். ஸ்டிக்கர் ஒட்டிய மறுநாளிலிருந்து அவள் எனக்கென்று தனியாகத் தோசை கட்டிக்கொண்டு வந்தாள். அதுவரை ஒரு நாளும் கட்டாதவள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாக எனக்குப் பட்டது. மேலே இருந்து ஏதோ காதில் விழுந்திருக்கிறது, என் வேலை போகப்போவது தெரிந்துதான் பாவம் பார்க்கிறாள் என்று நினைத்தேன். பசியில்லை என்று சொல்லித் தோசையைத் திருப்பிக் கொடுத்தேன். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அதையும் நம்பவில்லை.

3. ஆயுத பூசை

எங்கள் பிரிவில் ஆயுத பூசைக்கு மெஷின்களைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைப்பது வழக்கம். அதற்குக் கொஞ்ச நேரம் மெஷினை நிறுத்த மேலிடம் அனுமதி கொடுக்கும். சுண்டல் வாசனைக்கு மலாய்க்கார, சீனக்காரத் தோழிகளும் வந்துவிடுவார்கள். அந்த வருஷமும் செய்தோம். இன்னும் சொல்லப்போனால், அந்த வருஷம்தான் எல்லோரும் கண்ணை இறுக்க மூடிக் கும்பிட்டோம்.

பொட்டு வைக்கும் இடம் பேனலுக்கு மேலேதான். அங்கே ஸ்டிக்கர் இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க எல்லா ஸ்டிக்கரையும் பதமாக உரித்துக் கருவிப் பெட்டி மூடியில் ஒட்டி வைத்தோம். பூசை முடிந்தது. சுண்டல் தூக்கை எடுத்துவர நான் கேண்டீனுக்குப் போனேன். திரும்பி வந்தபோது ஸ்டிக்கர்களை மறுபடி ஒட்டியிருந்தார்கள். என் மெஷினுக்கு மஞ்சள். லெட்சுமியின் மெஷினுக்குச் சிவப்பு.

எனக்கு முன்பே லெட்சுமி பார்த்துவிட்டாள். எல்லோர் முன்னாலும் சொன்னாள்.

"நல்ல காரியம் பண்ணிட்ட புஷ்பா. கேட்டிருந்தா நானே ஒட்டி விட்டிருப்பேன் லா."

நான் ஒட்டவில்லை. சாமி முன்னாலேயே சத்தியம் செய்தேன். அப்படியென்றால் யார் ஒட்டியது? கைக்கு வந்ததை ஆளாளுக்கு எடுத்து ஒட்டியிருக்கிறார்கள், நானில்லை நீயில்லை என்றார்கள். எங்கள் இருவரையும் பிரிக்க யாரோ செய்த வேலை என்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். மாற்றி ஒட்டிவிடலாம் என்று கை போனது. மாற்றினால் நான்தான் செய்தேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடாதா? கையை இழுத்துக்கொண்டேன். வேலை தப்பியது என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதி எனக்கே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் பஸ்ஸில் லெட்சுமி கடைசி சீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியும் தன் மெஷின் ஸ்டிக்கரைக் காவல் காத்தாள். தேநீருக்குப் போனாலும் ஒரு கண் திரும்பிப் பார்க்கும்.

4. மேல்மாடி

ஒரு நாள் அந்த இரண்டு பேரும் திரும்ப வந்தார்கள். லெட்சுமியின் மெஷின் முன்னால் நின்று உதட்டைப் பிதுக்கினார்கள். பிறகு என் மெஷினைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்கள். லெட்சுமி நின்ற இடத்திலேயே வெளுத்துப்போனாள். அவள் புருஷன் காலமாகிவிட்டார், அவள் வீட்டுக்கும் ஒரே சம்பளம்தான். அது அதுவரை எனக்கு நினைவுக்கே வரவில்லை.

போய் அவள் கையைப் பிடித்தேன். வா, ரெண்டு பேரும் மேலே போய்க் கேட்போம் என்றேன். எதுக்கு, என்னை மாட்டிவிடவா என்று கேட்டாள். அப்படியே இருந்தாலும் என்னைத் தனியாக மேலே போகவிடுவாயா என்றேன். நான் தனியாகப் போய் என்ன சொல்வேனோ என்ற சந்தேகத்தில்தான் வந்தாள்.

எங்கள் மேனேஜர் ஜேம்ஸ், பட்டர்வொர்த் ஊர்ப் பையன். எங்களைவிட வயதில் சின்னவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். சிவப்பு ஒட்டின ஆளுக்கு வேலை போகுமா என்று நேராகவே கேட்டேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஸ்டிக்கர் மெஷினுக்குத்தான்க்கா. சிவப்பு இங்கயே விக்கிறது. மஞ்சள் கப்பல்ல ஏத்தி வேற நாட்டுக்கு அனுப்புறது."

"அப்ப இங்க இருக்கப் போறது எது சார்?" என்றாள் லெட்சுமி.

அவர் எங்களைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாகக் கீழே மெஷின் வரிசையைப் பார்த்தார்.

"ஸ்டிக்கர் ஒட்டாத மெஷின் ஒண்ணாச்சும் பார்த்தீங்களாக்கா?"

பால் பாக்கெட்டை முகர்கிறவள், தாலியைக் கடித்தவள், எனக்கு அது தோன்றவே இல்லை. பக்கத்து மெஷினின் நிறத்தைப் பார்த்தேனே தவிர, நிறம் இல்லாத மெஷினே இல்லை என்பதைப் பார்க்கவில்லை. தொழிற்சாலையையே மூடப்போவதை மாசக் கடைசியில்தான் அறிவிப்பார்களாம். தான் சொன்னதாக வெளியே சொல்லவேண்டாம் என்று ஜேம்ஸ் கேட்டுக்கொண்டார்.

படியிறங்கும்போது லெட்சுமி பாதியில் உட்கார்ந்துவிட்டாள். தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்றாள். பிறகு சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து அதையேதான் செய்தேன்.

5. பிறகு

ஜேம்ஸ் பெயரைச் சொல்லாமல் பிரிவில் எல்லோருக்கும் விஷயத்தைச் சொன்னோம். ஒன்றாகத் தொழிலாளர் இலாகாவுக்குப் போய் விசாரித்து, சேரவேண்டிய நஷ்டஈட்டை விடாமல் வாங்கினோம். தனித்தனியாக இருந்திருந்தால் நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருப்போம். ஸ்டிக்கர் மாறியதால் விற்கவேண்டிய என் மெஷின் கப்பலேறிப் போய்விட்டது என்று பின்னால் கேள்விப்பட்டேன். குங்குமப் பொட்டோடு எந்த ஊரில் ஓடுகிறதோ. யார் மாற்றி ஒட்டினார்கள் என்பது இன்றுவரை தெரியாது. இப்போது செபராங் ஜெயாவில் ஒரு கிடங்கில் பொருள் சரிபார்க்கிறேன். சம்பளம் குறைவுதான், வாடகைக்குத் தட்டில்லை.

புதிதாக வேலைக்குப் போகிற பிள்ளைகளே, சந்தேகப்படாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். காலம் அப்படி. நன்றாகச் சந்தேகப்படுங்கள். ஆனால் பக்கத்தில் நிற்பவளை விட்டுவிட்டு, ஸ்டிக்கர் ஒட்டுகிறவனைச் சந்தேகப்படுங்கள்.

ஜேம்ஸைப் பார்த்த மறுநாள் காலை, பஸ்ஸில் லெட்சுமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தோசைப் பொட்டலத்தை என் மடியில் வைத்தாள். பாலம் ஏறுவதற்குள் தின்று முடித்தேன். முகர்ந்து பார்க்கவில்லை.