அம்மாவின் அடையாள அட்டை

அம்மா எனக்கு விட்டுப்போன சீதனம் அவருடைய அடையாள அட்டை ஒன்றுதான். எனக்கு மூன்று வயதானபோது அம்மா காய்ச்சலில் இறந்துபோனார். அதற்கு முன்பே அப்பா வேறு குடும்பம் தேடிக்கொண்டு போய்விட்டார். படங்களெல்லாம் சண்டைக்கால இடப்பெயர்வில் தொலைந்துபோக, அம்மாவின் முகம் அந்த அட்டையில் மட்டுமே மிஞ்சியது. புங்குடுதீவில் மாமா வீட்டில் வளர்ந்த நான் அதைத் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டு படுப்பேன்.

எனக்கு ஏழு வயதானபோது பிரான்சிலிருந்து சித்தி வந்தார். அம்மாவின் தங்கை, பிள்ளையில்லாதவர். என்னைக் கூட்டிப்போக ஆசைப்பட்டார். அக்காவின் மகளுக்கு விசா கிடையாதாம், சொந்த மகளென்றால் உண்டாம். அதனால் விசாக் கடுதாசிகளில் நான் சித்தியின் மகளானேன். எங்கள் பக்கத்தில் இதையெல்லாம் பெரிய பாவமாக யாரும் நினைப்பதில்லை. விசா கிடைக்கவில்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் இன்னும் புங்குடுதீவில்தான் இருக்கிறேன்.

எனக்குப் பாடம் சொல்லித்தந்தவர் மாமா. குசினிக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்து விசா அதிகாரியாகிவிடுவார்.

“உம்மட அம்மா ஆர்?”

நான் சித்தியைக் காட்டவேண்டும். வாயோ அம்மாவின் பெயரைச் சொல்லிவிடும். அந்தப் பெயரை மறக்காவிட்டால் சித்தி தனியத்தான் போவார் என்று மாமா வெருட்டுவார். எனக்குச் சித்தியோடு போகவேண்டும். தலைவாரிவிட ஓர் ஆள் வேண்டும் என்ற ஆசை அப்போது எனக்குப் பைத்தியம்போல இருந்தது.

ஒருநாள் மாமா சித்தியிடம், அந்த அட்டை சோதனையில் அகப்பட்டால் எல்லாம் பாழ் என்று சொன்னது காதில் விழுந்தது. அதை அலுமாரியில் வைத்துப் பூட்டுவதாக அவர்கள் முடிவுசெய்ததைக் கேட்க நான் நிற்கவில்லை. நான்தான் கெட்டிக்காரியாயிற்றே. இருவரும் கடைக்குப் போன நேரம் பார்த்து, அட்டையை அடுப்பில் போட்டேன். பிளாஸ்டிக் சுருண்டு நாறியது. அவர்கள் திரும்பி வந்ததும் சந்தோசமாகச் சொன்னேன்.

மாமா சாம்பலைக் கிளறிவிட்டு வெளியே போனார். சித்தி என் முன்னால் குந்தி, இரண்டு தோளையும் பிடித்தார்.

“அம்மாவின்ர முகம் உனக்கு ஞாபகம் இருக்கோ, பிள்ளை?”

இதுவும் பாடம்தான் என்று நினைத்தேன். இந்தமுறை பிழைவிடக் கூடாது. விரலை நீட்டிச் சித்தியின் கன்னத்தைத் தொட்டு, “இதுதான்” என்றேன்.

சித்தி என்னை அறைந்தார். பிறகு என்னையே கட்டிக்கொண்டு அழுதார். முதல்முறையாகச் சரியான விடை சொன்னவளுக்கு எதற்கு அடி என்று எனக்கு விளங்கவேயில்லை.