காலையிலேயே போட்ட டிக்

ஆர்டி சேர்க்காத குழாயில் பட்டை வரக் கூடாது. லேபில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். ஆர்என்ஏவை டிஎன்ஏவாகப் படியெடுக்கும் நொதியான ஆர்டி அதில் இல்லை. டிஎன்ஏவைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் பட்டையாக ஏதாவது தெரிந்தால் அது ஒட்டிக்கொண்டு வந்த டிஎன்ஏ. சென்ற ஆண்டு எங்களுக்கு ஆர்டி சேர்க்காதவை உட்பட எல்லா வரிசையிலும் பட்டை தெரிந்தது.

தூத்துக்குடியில் முத்துச்சிப்பியின் மேலுறைத் திசுவில் நீண்ட நான்கோடிங் ஆர்என்ஏக்களைத் தேடிக்கொண்டிருந்தோம். இவை புரதம் செய்யாது; ஆனால் மற்ற ஜீன்களை அடக்கும், எழுப்பும். ஆய்வு மாணவி செல்வி, சூடு கூட்டிய தொட்டியில் வளர்ந்த சிப்பிகளில் அப்படி ஒன்றைக் கண்டிருந்தாள். ஓடு கட்டும் ஜீனின் டிஎன்ஏவில் மெத்தில் என்ற வேதிக் குறிகள் ஏறுவது அதனால்தான் என்று ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தில் எழுதியிருந்தாள். சமர்ப்பிக்க இரண்டு வாரம் இருந்தது.

அவளுக்கு ஆர்என்ஏ பிரித்துக் கொடுத்தவள் நான்.

கையுறை மாட்டிய பின் பேனாவைத் தொட முடியாது. அதனால் எங்கள் லேபில் எல்லாப் படிகளுக்கும் காலையிலேயே தாளில் டிக் போட்டுவிடுவோம். அன்றும் போட்டேன். டிஎன்ஏவை அழிக்கும் டிஎன்ஏஸ் சேர்ப்பதற்குச் சற்று முன் மகளின் பள்ளியிலிருந்து போன் வந்தது. மயங்கி விழுந்துவிட்டாளாம். குழாய்களை ஐஸில் வைத்துவிட்டு ஓடினேன். மாலையில் திரும்பி வந்து தாளைப் பார்த்தேன். டிக் இருந்தது. சேர்த்தாயிற்று என்று குழாய்களை ஃப்ரீசரில் வைத்துவிட்டேன்.

ஜெல்லின் முன் நின்றபோதுதான் அந்த நாள் நினைவுக்கு வந்தது.

"ஏளா செல்வி, டிஎன்ஏஸ் நான் போடல."

"என்னக்கா சொல்லுதிய? டிக் இருக்கே!"

"அது காலைலயே போட்டது."

"சும்மா வெளாடாதிய" என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

மிச்சமிருந்த ஆர்என்ஏவில் டிஎன்ஏஸ் சேர்த்து மறுபடி பார்த்தோம். இப்போது எந்தக் குழாயிலும், ஆர்டி சேர்த்ததிலும்கூட, பட்டை இல்லை. செல்வி கண்டதாக நினைத்த ஆர்என்ஏ என்று ஒன்று இருந்ததே இல்லை. மறுபடி எடுத்துப் பார்க்க, அந்தத் தொட்டிச் சிப்பிகளும் உயிரோடு இல்லை.

செல்வியின் வழிகாட்டி சார் ஜெல் படத்தைப் பார்த்தார். "கடல்ல தேடுனா சிப்பி இல்ல. ஒங்க டியூப்ல டிஎன்ஏ மட்டும் குவிஞ்சு கெடக்கு" என்றார். அத்தியாயத்தை எடுத்துவிடச் சொன்னார்.

வெளியே வந்ததும் செல்வி கேட்டாள்: "அன்னைக்குப் பிள்ளைக்கு என்னதான்க்கா ஆச்சு?"

"காலைல சாப்பிடாம போயிருக்கா. அவ்வளவுதான்."

 

புதிதாகச் சேருகிறவர்களுக்கு இப்போது இதையும் சொல்கிறேன்: பாதியில் எழுந்து போக நேர்ந்தால் அந்தக் குழாய்களைக் கொட்டிவிட்டுப் போங்கள். செய்த பிறகு, கையுறையைக் கழற்றி, டிக் போடுங்கள்.

செல்வி புதுச் சிப்பிகளோடு முதலிலிருந்து தொடங்கியிருக்கிறாள். ஆர்என்ஏவை அவளே பிரிக்கிறாள். போன வாரம் உதவட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம்க்கா. ஐஸ் மட்டும் எடுத்துத் தாங்க" என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன்.