கடலுணவுக் கடையில டின் மீன்

பின்னேரம் ஊரடங்கு எண்டதால, மன்னார் டவுனில இருக்கிற கடலுணவுக் கடையில ‘ஹப்பி அவர்’ சலுகை நேரத்தை மத்தியானத்துக்கு மாத்திப்போட்டினம். இண்டைக்குப் போனனான்.

சுவரில கீறியிருந்த பெரிய நண்டைக் காட்டி, “இது இருக்கோ?” எண்டு கேட்டன்.

“ஒரு கிழமையா நேவி ஒருத்தரையும் கடலுக்கு விடேல்ல. டின் மீன் பிரட்டல்தான் இருக்கு,” எண்டார் வெயிட்டர்.

பக்கத்து மேசையில, தாழ்வுபாட்டுக் கிராமத்தில இருந்து கடலுக்குப் போற அண்ணை ஒருத்தர். பியரோட அதே டின் மீனைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“இது எங்கத்தைய மீன்?” எண்டு வெயிட்டரைக் கேட்டார்.

வெயிட்டர் குசினிக்குப் போய் டின்னைப் பாத்திட்டு வந்தார். “சிலி நாட்டு மீனாம் அண்ணை.”

அண்ணை ஆறுதலா இன்னொரு துண்டை வாயில போட்டார்.

“அங்க நேவி விடுறாங்கள் போல.”

கரையோரத்து ஆக்கள் சொல்லுங்கோ, உங்கட ஊரில இண்டைக்கு எந்த நாட்டு மீன்?