ஏகாம்பரத்துக்குக் கரண்ட் ஏறியதா?

1. எண்ணெய்த் தலை

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒருத்தர் தலையைத் துடைக்கச் சொன்னார்கள். தரை துடைக்கத்தானே வந்தோம் என்று நினைத்தேன், கேட்கவில்லை. புது ஆட்களைக் கண்டால் எனக்கு வாய் திறக்காது. ஐந்தாவது வரைக்கும்தான் படிப்பு. சுற்றிலும் எல்லாரும் பெரிய படிப்புக்காரர்கள்.

பொத்தேரிப் பக்கம் ஒரு காலேஜில், மூளையைப் பற்றிப் படிக்கிற லேப் அது. இரண்டாயிரத்து ஏழோ எட்டோ இருக்கும். நான் அட்டெண்டர். அங்கே பி.எச்.டி. செய்துகொண்டிருந்த நசீமா மேடம் பல்லாவரத்துப் பெண், என் மகள் வயசு.

ரெண்டு ஸ்பாஞ்சை உப்புத் தண்ணியில் நனைத்து, தலையில் வைத்து, ரப்பர் பட்டையால் கட்டுவோம். ஒரு சின்னப் பெட்டியிலிருந்து துளியூண்டு கரண்ட் வரும். எறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறுக்கும், அவ்வளவுதான். மேடம் நம்பர்களை வரிசையாகச் சொல்வார். உட்கார்ந்திருப்பவர் அதைப் பின்னாலிருந்து திருப்பிச் சொல்ல வேண்டும். மனசில் பிடித்து வைத்தால்தானே திருப்ப முடியும்? அப்படிப் பிடித்து வைக்கிற சக்தி கரண்டால் கூடுகிறதா என்பதுதான் ஆராய்ச்சி.

நம்ம ஊர்த் தலையில் எண்ணெய் இருக்குமே. எண்ணெய் இருந்தால் உப்புத் தண்ணி தோலில் ஒட்டாது, கரண்ட் சரியாகப் போகாது. முடியை வகிர்ந்து, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து எடுப்பது என் வேலை.

"உங்களை ஏன் எடுத்தேன் தெரியுமாக்கா?" என்று மேடம் ஒருநாள் கேட்டார். "நீங்க பேசவே மாட்டீங்க. வர்றவங்ககிட்ட யாராவது 'நல்லா சொல்றீங்களே'ன்னு ஒரு வார்த்தை சொன்னாலும் ரிசல்ட் கெட்டுடும்."

என் கூச்சத்துக்குச் சம்பளம் கொடுத்த இடம் அது ஒன்றுதான்.

2. ஏகாம்பரம் வந்தார்

தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்து டிபன் ஓட்டலில் ஏகாம்பரம் சப்ளையர். காலேஜ் பையன்கள் பேசிக்கொண்டதைக் கேட்டு வந்திருந்தார்.

"மேடம், எத்தினி பேரு ஒக்காந்தாலும் பேப்பர் இல்லாம ஆர்டர் எடுத்தவன் நானு. இப்ப பொங்கல் கேட்டா பூரி எடுத்தாறேன். மொதலாளி இன்னா சொல்ட்டாரு தெரியுமா? 'இன்னொரு தபா மாத்துனே, துணிய எட்த்துகினு டேபிள் தொடைக்கப் போ'ன்னுட்டாரு. புதுசா வந்த பசங்க முன்னாடி, மேடம்!"

மேடம் டாக்டரிடம் அனுப்பிப் பார்த்தார். வியாதி எதுவும் இல்லை என்று வந்தது. "இது வைத்தியம் இல்லைங்க அண்ணா, ஆராய்ச்சி. சில பேருக்குக் கரண்டே வராது. உங்களுக்கு எதுன்னு எனக்கே தெரியாது" என்று ஒன்றுக்கு ரெண்டு தடவை சொன்னார். உண்மைதான். மேடத்துக்கு மேலே இருந்த புரொபசர் கொடுத்த ரகசிய நம்பரைத்தான் மேடம் பெட்டியில் தட்டுவார்; எந்த நம்பருக்குக் கரண்ட் வரும் என்பது புரொபசருக்கு மட்டும்தான் தெரியும்.

"அதெல்லாம் இர்க்கட்டும். கரண்ட்ட வுடுங்க" என்றார் ஏகாம்பரம்.

ஒவ்வொரு தடவையும் பட்டையைக் கட்டும்போது மெதுவாக என்னைக் கேட்பார்: "இன்னிக்கி ஏறுதாக்கா?" நான் பட்டையைச் சரிசெய்வேன். "ஏறிச்சின்னா கண்ணையாச்சும் காட்டேன்" என்பார். எனக்கும் தெரியாதே. தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான்.

போகப் போக நம்பர்களை அலட்டிக்கொள்ளாமல் திருப்பினார். கடைசி நாள் போண்டா பொட்டலத்தோடு வந்தார்.

"எட்டு பேரு டேபிளு மேடம். ஒண்ணு தப்பல. மொதலாளி வாயப் பொளந்துகினு பாக்கறாரு!"

3. சொல்லித்தான் ஆக வேண்டும்

எல்லாரும் முடித்த பிறகு புரொபசர் யார் யாருக்கு எது என்று சொன்னார். ஏகாம்பரத்துக்குக் கரண்ட் இல்லை. ஆரம்பத்தில் கொஞ்சம் குறுகுறுக்க விட்டுப் பெட்டி தானே நின்றுவிடும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைக்கிற போலி அது; அதற்கு 'ஷாம்' என்று பெயர். மொத்தமாகப் பார்த்ததிலும் கரண்ட் ஏறினவர்களுக்கும் ஏறாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மேடம் அன்று டப்பாவைத் திறக்கவே இல்லை, சாப்பாடு அப்படியே இருந்தது.

வந்தவர்களிடம் உண்மையைச் சொல்வது அங்கே விதி. "ஏகாம்பரம் அண்ணாகிட்ட சொன்னா மறுபடியும் ஆர்டர் மாத்திடுவாரோக்கா? வேலை போய்டுமோ? நீங்களும் கூட வாங்க" என்றார் மேடம். ரயிலில் தாம்பரம் போனோம்.

ஏகாம்பரம் எங்களைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். மேடம் மெதுவாகச் சொன்னார். அவர் முகம் சுருங்கிப்போனது.

"கரண்ட்டே வுடலியா? அப்ப இத்தினி நாளா?"

"நீங்களாத்தான் செஞ்சீங்க அண்ணா."

பக்கத்து டேபிளில் கூப்பிட்டார்கள். ஏகாம்பரம் போனார். "சாம்பார் வடையா, தயிர் வடையா?" என்று கேட்டார். உள்ளே போனவர் திரும்பி வந்து மறுபடியும் அதையே கேட்டார். கல்லாவிலிருந்து முதலாளி தலையைத் தூக்கிப் பார்த்தார்.

வெளியே வந்ததும் நானாக வாயைத் திறந்தேன். "அப்போ அவருக்கு எதனால சரியாச்சு மேடம்?"

"பழக்கமா இருக்கலாம். பயம் போனதா இருக்கலாம். யாரும் விரட்டாம கொஞ்ச நேரம் உக்காந்ததா இருக்கலாம். தெரியலைக்கா. அதை நாங்க அளக்கவே இல்லையே."

அவ்வளவு படித்தவர் தெரியலை என்று கூச்சமே இல்லாமல் சொன்னார். தெரியாததைக் கேட்கத்தான் நான் இத்தனை வருஷம் கூச்சப்பட்டேன்.

4. ஈரத் துண்டு

மனசு கேட்காமல், சில வாரம் கழித்துத் தனியாக அந்த ஓட்டலுக்குப் போனேன். கூட்டம் இல்லாத மத்தியான நேரம். கை கழுவுகிற இடத்துக்குப் பின்னால் பால் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். தலையைச் சுற்றி ஈரத் துண்டு. கண்ணை மூடிக்கொண்டு நம்பர்களைத் திருப்பித் திருப்பி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பையன்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"அண்ணனுக்கு கரண்ட் வந்துகினு கீது, தொடாதடா!"

கண்ணைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டார். "கரண்ட் இல்லன்னு தெரியும்க்கா. ரெண்டு நாளு தட்டுக்கெட்டுப் போனேன். அப்பறம் இப்டி ஒக்காந்து பாத்தேன். சரியா வருது. இன்னும் துணி கைக்கு வர்ல." அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "மேடத்தாண்ட ஒண்ணு கேட்டு சொல்றியா? வெறுந் தண்ணி போதுமா, உப்பு போடணுமா? துண்டே இல்லாம ஒக்காந்தாலும் வேலை செய்யுமா?"

மறுநாள் நசீமா மேடத்திடம் அப்படியே கேட்டேன். கேட்டதும் சிரிப்பார் என்று பயந்தேன்.

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்கக்கா, இதை எப்படிச் சோதிச்சுப் பாக்கலாம்னு யோசிப்போம்" என்றார்.

லேப் வேலைக்கு வருகிற பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். எண்ணெயை நன்றாகத் துடையுங்கள். தெரியாததைக் கேளுங்கள். அப்படிக் கேட்ட அன்றைக்குத்தான் அந்த லேபில் நான் முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்தேன்.